ஆஸ்டின் கேட்ட கைரேகை

ஊபர் ஓட்டுநரைச் சோதிக்கும் அதிகாரம் ஊருக்கா, மாநிலத்துக்கா? டெக்சஸ் தலைநகர் ஆஸ்டினில் இதற்குப் பெரிய சண்டையே நடந்தது. ஓட்டுநரின் கைரேகையை எடுத்துக் குற்றப் பின்னணியைப் பாருங்கள் என்றது நகராட்சி. பெயரை வைத்து நாங்களே பார்த்துக்கிறோம் என்றன ஊபரும் லிஃப்ட்டும். 2016 மே 7இல் வாக்கெடுப்பு. 80 லட்சம் டாலருக்கு மேல் செலவழித்தும் கம்பெனிகள் தோற்றன. இரண்டே நாளில் ஆப்பை நிறுத்திட்டுக் கிளம்பிட்டாங்க!

அந்த இடைவெளியில் ரைட்ஆஸ்டின் என்ற லாப நோக்கமற்ற செயலி வந்தது. கைரேகைச் சோதனையோடுதான் ஓடியது. ஆக, முடியாத காரியமில்லை.

2017 மே 29இல் மாநில ஆளுநர் கிரெக் அபட் புதிய சட்டத்தில் கையெழுத்திட்டார். ஊர் விதிகள் செல்லாது. கம்பெனி மாநில பெர்மிட் வாங்கினால் போதும். பின்னணிச் சோதனை உண்டு, கைரேகை கட்டாயமில்லை. வாக்களித்த ஆஸ்டின்காரர்களை யாரும் திரும்பக் கேட்கவில்லை. அன்றைக்கே ரெண்டு ஆப்பும் ஊருக்குள்ள!