எழுத்தில்லா மொழிகளும் நம் லாஸ்பேட்டையும்

உழவர்கரை நகராட்சிக்கு உட்பட்ட லாஸ்பேட்டை என்றால் விமான நிலையமும் கல்லூரிகளும்தான் வெளியூராரின் நினைவுக்கு வரும். புதுச்சேரி மொழியியல் பண்பாட்டு ஆராய்ச்சி நிறுவனமும் இங்கேதான் இருக்கிறது. புதுவையின் மொழிக் கணக்கு தமிழ், பிரெஞ்சு, மாஹேக்கு மலையாளம், ஏனாமுக்குத் தெலுங்கு என்று முடிந்துவிடுவது வழக்கம். அந்தக் கணக்கில் வராத மக்களின் வாழ்வையும் ஆய்வுக்கு உரியதாக மதித்தவர்கள் இந்நிறுவனத்தில் பணியாற்றினார்கள். இதன் முதற்பெருமை அதுதான் என்பது என் துணிபு.

இந்த மதிப்பு ஒரே நாளில் வந்ததல்ல. 1935இல் இந்தியாவுக்கு வந்த மொழியியலாளர் எமனோ நீலகிரியில் தோடர், கோத்தர் பழங்குடியினரோடு அமர்ந்து, வாய்வழிப் பாடல்களையும் கதைகளையும் ஒலி பிசகாமல் எழுதிக்கொண்டார். அவருடைய தோடர் பாடல் தொகுப்பு அச்சேற 1971 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இதற்கிடையே சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் மொழியியல் உயராய்வு மையம் பழங்குடி மொழிகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டது. சீனிவாச வர்மா 1970இல் நரிக்குறவரின் வாக்ரிபோலியைப் பற்றியும், பெரியாழ்வார் 1978இல் இருளரின் மொழியைப் பற்றியும் நூல் வெளியிட்டனர். செக் நாட்டு அறிஞர் கமில் சுவெலபிலும் இருள மொழிக்குப் பல ஆண்டுகள் உழைத்தார். எண்பதுகளின் பிற்பகுதியில் புதுச்சேரி அரசின் ஆதரவில் நம் நிறுவனம் தோன்றியபோது, தென்னிந்திய மொழியியலில் இப்படியொரு தடம் ஏற்கெனவே விழுந்திருந்தது. 1991இல் தொடங்கிய இதன் திராவிடவியல் ஆய்விதழ் அந்தத் தடத்தை நீட்டித்தது.

இங்கே இயக்குநராக இருந்த பக்தவத்சல பாரதியின் பணியைத் தனியாகச் சொல்ல வேண்டும். மானிடவியலைத் தமிழிலேயே படிக்கலாம் என்ற நிலையை உருவாக்கியவர்களில் முதன்மையானவர் அவர். சோழமண்டலக் கரையின் பட்டினவர் மீனவர்கள், தமிழகப் பழங்குடிகள், வாக்ரிகள் எனப்படும் நரிக்குறவரின் புழங்குபொருள்கள் என விரிந்தது அவர் எழுத்து. ஒரு சமூகத்தின் பாசி மணி, வலை, வழிபாட்டுப் பொருள் ஆகியவற்றின் பெயர்களைக் குறிக்காமல் அச்சமூகத்தின் அறிவைக் குறிக்க முடியாது.

வாக்ரிகள் நமக்குத் தொலைவில் இல்லை. லாஸ்பேட்டையிலேயே அவர்கள் குடியிருப்பு உண்டு. குஜராத்திக்கு நெருக்கமான இந்தோ ஆரிய மொழியை எழுத்தும் பள்ளியும் இல்லாமல் தலைமுறை தலைமுறையாகத் தமிழ் மண்ணில் காத்துவந்திருக்கிறார்கள். சந்தையில் தமிழ், வீட்டில் வாக்ரிபோலி. வழிபாட்டுப் பொருள்களைக் கட்டிவைத்த சாமி மூட்டையைப் பிரித்து வழிபடும்போதும் அதே மொழிதான். பள்ளிப் படிப்பு கூடக்கூட வீட்டு மொழி பின்வாங்குகிறது. படிப்பைக் குறை சொல்லவில்லை, அந்தப் படிப்புக்குள் அவர்கள் மொழிக்கும் ஓர் இருக்கை வேண்டும் என்கிறேன்.

இருளரின் நிலை வேறு. நீலகிரி இருளருக்குத் தனி மொழி உண்டு. சமவெளி இருளர் பெரும்பாலும் தமிழின் ஒரு வழக்கையே பேசுகிறார்கள். ஆயினும் பாம்பு, எலி வளை, மூலிகை பற்றிய அவர்கள் சொல்வளமும் கன்னியம்மன் பாடல்களும் வேறெங்கும் கிடைக்காதவை. 2016 டிசம்பரில் புதுச்சேரிக்கு முதன்முதலாகப் பழங்குடிப் பட்டியல் அறிவிக்கப்பட்டபோது இடம்பெற்றவர்கள் இருளரே. தமிழகத்தில் நரிக்குறவர் 2023 தொடக்கத்தில் பட்டியலில் சேர்க்கப்பட்டனர். பழங்குடிச் சான்றிதழ் உரிமையைத் தரும், மொழியைக் காக்காது.

பேச்சிலிருந்து மறைந்த மொழியும் திரும்பி வந்ததுண்டு. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு சமவெளியில் வாழும் கௌர்ணா மக்களின் மொழி பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே அன்றாடப் பேச்சிலிருந்து விழுந்துவிட்டது. 1840இல் இரண்டு ஜெர்மானியப் பாதிரியார்கள் அச்சிட்ட இலக்கணமும் சொற்பட்டியலும் மிஞ்சியிருந்தன. 1990ஐ ஒட்டி அந்த மக்களே அவற்றை எடுத்துப் பாட்டு கட்டினார்கள், பிள்ளைகளுக்குக் கற்பித்தார்கள். இன்று அந்நகரின் பொது விழாக்களில் கௌர்ணாவில் வரவேற்புரை கேட்கலாம். அவர்களிடம் இருந்தது தாள் மட்டுமே. நம்மிடம் பேசும் வாய்களே இருக்கின்றன.

2022 முதல் 2032 வரையான ஆண்டுகளைப் பழங்குடி மொழிகளின் பத்தாண்டாக ஐக்கிய நாடுகள் அவை அறிவித்திருக்கிறது. இது முடிவதற்குள் நம் நிறுவனம் இரண்டு காரியங்களைச் செய்ய வேண்டும். முதியோரின் கதைகளையும் பாடல்களையும் அவர்கள் இசைவோடு ஒலிப்பதிவு செய்து, அந்தக் குடியிருப்புகளிலேயே பிரதி வைக்க வேண்டும். அவ்வேலைக்கு அச்சமூகத்து இளைஞர்களைச் சம்பளத்தோடு அமர்த்த வேண்டும். புதுச்சேரி அரசும் உழவர்கரைப் பெருமக்களும் இதற்குப் பொருளுதவி செய்ய முன்வர வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.