மருந்தில்லாக் காலத்து மருத்துவமனை

நோய் உண்டு, அதற்கு மருந்து உண்டு, மருந்தறிந்த மருத்துவர் இருக்குமிடமே மருத்துவமனை. மக்கள் பொதுவாகக் கொண்டுள்ள எண்ணம் இது. ஆயின், மருந்தே இல்லாத நோயொன்று ஊரெங்கும் பரவி உயிர்களைக் கொள்ளைகொள்ளும்போது மருத்துவமனையால் ஆவது என்ன? 1911ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மஞ்சூரியாவின் ஹார்பின் நகரம் இவ்வினாவை எதிர்நோக்கி நின்றது. அதற்கு விடைகண்ட மருத்துவர், மலாயா மண்ணில் பிறந்தவர்.

பினாங்கில் 1879ஆம் ஆண்டு பிறந்த வூ லியன் தே, பினாங்கு பிரீ ஸ்கூலில் பயின்று, அரசியார் உபகாரச் சம்பளம் பெற்று, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் கற்றார். 1903இல் தாயகம் திரும்பிக் கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில் சிறிது காலம் ஆராய்ச்சி செய்தார். பின்னர்ப் பினாங்கில் மருத்துவத் தொழில் நடத்தியதோடு, அபினிப் பழக்கத்தை எதிர்த்தும் பாடுபட்டார். 1908இல் சீன அரசாங்கத்தின் அழைப்பை ஏற்றுத் தியன்சின் இராணுவ மருத்துவக் கல்லூரியின் துணைத் தலைவரானார்.

1910ஆம் ஆண்டின் இறுதியில் வட மஞ்சூரியாவில் இனந்தெரியாத நோய் ஒன்று தோன்றியது. காய்ச்சல், இருமல், இரத்தம் கலந்த கோழை. இரண்டொரு நாளில் மரணம். அரசாங்கம் வூ லியன் தேயை அனுப்பியது. லின் என்னும் மாணவர் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, டிசம்பர் 24ஆம் நாள் அவர் ஹார்பின் வந்து சேர்ந்தார். மூன்று நாட்கள் கழித்து, இறந்த ஒரு பெண்ணின் உடலை மறைவாக அறுத்துச் சோதித்தார். பிணத்தை அறுப்பது சீனர் மரபுக்கு மாறான செயல் என்பதனால் அது மறைவாகவே நிகழ வேண்டியிருந்தது. நுண்நோக்கியில் தெரிந்தவை பிளேக் நோய்க் கிருமிகள்.

பிளேக் என்றால் எலியும் தெள்ளுப்பூச்சியுமே அன்று எல்லோர் நினைவிலும் வந்தன. ஆனால், ஹார்பினில் பரவியது நெறிக்கட்டுப் பிளேக் அன்று. நுரையீரலைத் தாக்கும் வகை. தார்பகான் என்னும் வளைவாழ் பிராணியின் தோலுக்கு விலை ஏறியிருந்தது. அதனை வேட்டையாடச் சென்றவர்களிடத்தில் தோன்றிய நோய், புகைவண்டிப் பாதை வழியே நகரங்களை அடைந்தது. கடுங்குளிருக்கு அஞ்சிக் கதவும் பலகணியும் அடைத்த சத்திரங்களில் கூலியாட்கள் நெருக்கியடித்துப் படுத்தனர். ஒருவர் இருமினால் அக்காற்றைச் சுவாசித்த பலரும் நோயுற்றனர். எனவே எலியைக் கொல்வதால் பயனில்லை. மனிதரின் மூச்சையே தடுக்கவேண்டும் என்று வூ லியன் தே கூறினார். மெல்லிய துணி மடிப்பினுள் பஞ்சு வைத்து, மூக்கையும் வாயையும் மூடிக் கட்டும் முகமூடியை அவர் வற்புறுத்தியதற்குக் காரணம் இதுவே.

இக்கருத்தை எல்லோரும் ஏற்றுக்கொள்ளவில்லை. வயதிலும் அனுபவத்திலும் மூத்தவரான மெஸ்னி என்னும் பிரெஞ்சு மருத்துவர், இளைஞரான வூ லியன் தேயின் முடிவை மறுத்துச் சினந்தார். முகமூடியின்றியே ரஷ்யர் நடத்திய பிளேக் மருத்துவமனைக்குச் சென்று நோயாளிகளைச் சோதித்தார். 1911 ஜனவரி 11ஆம் நாள் அவரே பிளேக் நோயால் மாண்டார். பல நாள் வாதத்தாலும் நிலைபெறாத உண்மை, ஒரு மரணத்தால் நிலைபெற்றது. அதன் பின்னரே முகமூடி அணிவோர் பெருகினர்.

நோய் கடுமையாகத் தாக்கிய பகுதி, சீனர்கள் வாழ்ந்த பூஜியாதியன். அங்கு வாழ்ந்த ஏறத்தாழ 24,000 பேரில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். பிளேக் மருத்துவமனைக்குள் சென்றவர் உயிரோடு திரும்புவது அரிது. ஆகவே மக்கள் நோயாளிகளை ஒளித்து வைத்தனர். இறந்தவர்களை இரவில் தெருவில் போட்டுச் சென்றனர். இவர்களை அறியாமை உடையோர் என்று பழிப்பது எளிது. ஆனால், போனவர் எவரும் மீளாத இடத்திற்குப் பெற்ற பிள்ளையை அனுப்ப எந்தத் தாய்க்கு மனம் வரும்?

வூ லியன் தே செய்த ஏற்பாடுகளின் சிறப்பு இவ்விடத்தில்தான் புலப்படுகிறது. பூஜியாதியன் நான்கு வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டது. ஒவ்வொன்றுக்கும் ஒரு மருத்துவர் பொறுப்பேற்றார். வட்டாரத்துக்கு ஒரு நிறமாகக் கையில் அடையாளப் பட்டை அணிந்தாலன்றி மக்கள் நடமாட முடியாது. நாள்தோறும் வீடுவீடாகச் சோதனை நடந்தது. நோய் உறுதியானவர்கள் பிளேக் மருத்துவமனைக்குச் சென்றனர். அவர்களோடு ஒரே வீட்டில் இருந்தவர்களை அங்கு அனுப்பவில்லை. அனுப்பியிருந்தால் நோயில்லாதவரும் நோயாளியின் மூச்சுக்கு இரையாகியிருப்பர். இத்தனை பேரைத் தனியே வைக்கக் கட்டடம் ஏது? ரஷ்யப் புகைவண்டி நிர்வாகத்திடமிருந்து 120 சரக்கு வண்டிகள் இரவல் பெறப்பட்டன. அவையே தனிமை விடுதிகளாயின. காய்ச்சல் கண்டவர் மருத்துவமனைக்கு மாற்றப்பட்டார். நோய்க்குறி காணாதவர் சில நாட்களில் வீடு திரும்பினார். நோயாளியைக் காப்பாற்ற இயலாதபோதும் அவரது வீட்டாரைக் காப்பாற்ற இயலும் என்பதே ஹார்பின் கண்ட விடையாகும்.

இன்னும் ஓர் இடர்ப்பாடு இருந்தது. நிலம் பனியால் இறுகிப் போனதால் குழி தோண்ட இயலவில்லை. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சவங்கள் இடுகாட்டில் கிடந்தன. முன்னோர் உடலை எரிப்பது பெரும் பாவம் எனக் கருதிய மக்களிடையே அவற்றை எரிப்பது எங்ஙனம்? வூ லியன் தே பேரரசரின் அனுமதியைக் கோரிப் பெற்றார். சீனப் புத்தாண்டுக்கு மறுநாளான ஜனவரி 31ஆம் நாள் சவங்கள் எரியூட்டப்பட்டன. அதன் பின்னர் மரணங்கள் நாளுக்கு நாள் குறைந்து, மார்ச்சுத் தொடக்கத்தில் பூஜியாதியனில் நோய் நின்றது. மஞ்சூரியா முழுவதிலும் ஏறத்தாழ 60,000 உயிர்கள் போயின. அவ்வாண்டு ஏப்ரலில் முக்டன் நகரில் 11 நாடுகளின் அறிஞர்கள் கூடிய சர்வதேச பிளேக் மாநாட்டிற்கு வூ லியன் தே தலைமை தாங்கினார்.

இவ்வெற்றியின் விலையையும் கூறவேண்டும். நோய்த்தடுப்புப் பணியில் இறந்தோருள் மருத்துவர் சிலரே. நோயாளிகளை ஏற்றிச் சென்ற வண்டியோட்டிகளும், பிணம் சுமந்த கூலியாட்களும், காவல் நின்ற போலீசாரும் அவர்களினும் மிகுதியாக மடிந்தனர். மெஸ்னியின் பெயர் வரலாற்றில் நின்றது; இவர்களுள் பெரும்பாலோர் பெயரை அறிவார் இலர். மருத்துவமனை என்பது மருத்துவரால் மட்டும் நடப்பதன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

நோய் ஓய்ந்ததும் ஏற்பாடுகள் கலைக்கப்படவில்லை. 1912இல் வட மஞ்சூரியப் பிளேக் தடுப்புப் பணியகம் நிறுவப்பட்டது. அடுத்த கொள்ளைநோய்க்கு முன்னரே மருத்துவமனைகள் ஆயத்தமாயின. 1920-21இல் நுரையீரற் பிளேக் மீண்டும் வந்தபோதும் மருந்தில்லை. ஆயினும் இறந்தோர் தொகை பத்தாயிரத்திற்கும் குறைவே. பிளேக்கைக் குணப்படுத்தும் ஸ்டிரெப்டோமைசின் 1943இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது.

வூ லியன் தே 1937இல் மலாயா திரும்பி, ஈப்போவில் சாதாரண மருத்துவராகத் தொழில் நடத்தினார். 1960இல், பிறந்த ஊராகிய பினாங்கிலேயே காலமானார். அறுபது ஆண்டுகள் கழித்து, 2020இல் கோவிட் நோய் பரவியபோது, தடுப்பூசி வருமுன்னர் உலக மக்கள் முகமூடி அணிந்தனர். நோயாளியுடன் பழகியவர்கள் தனித்திருந்தனர். மருந்து வரும்வரை மனிதரைக் காத்து வைப்பதும் மருத்துவமே என்பதை ஹார்பின் முன்னரே காட்டியிருந்தது.