விடை இருக்கிறது, வழிமுறை எங்கே?

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். ஆலை, மில் என்று வேலை பார்க்கும் பிள்ளைகள் மட்டுமாவது கடைசி வரை படியுங்கள்.

சென்ற மாதம் என் பழைய மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்திருந்தான். எட்டாம் வகுப்பில் என்னிடம் அறிவியல் படித்தவன். இப்போது ஒரு சர்க்கரை ஆலையில் மின் பராமரிப்புப் பிரிவில் இருக்கிறான். கையில் இரண்டு லேப்டாப். ஒன்று புத்தம் புதியது. இன்னொன்று செங்கல் கனம். மூடியின் கீல் உடைந்து நூல் சுற்றிக் கட்டியிருந்தது. "டீச்சர், இந்தப் பழசு போயிடுச்சுன்னா எங்க மிஷினோட பேசவே வழியில்லை" என்றான்.

அவன் சொல்லிக் கேட்டதையும், பிறகு நானே தேடிப் படித்ததையும் வரலாற்றுப் பாடமாக எழுதுகிறேன்.

ஒரு காலத்தில் தொழிற்சாலை இயந்திரங்களை ரிலேக்கள்தான் கட்டுப்படுத்தின. சுவர் முழுக்கப் பெட்டி, பெட்டி நிறைய ரிலே, ரிலேக்கு ரிலே ஒயர். அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் கார் மாடலை மாற்றும்போது அந்த ஒயரிங்கையும் பிரித்துக் கட்ட வேண்டியிருந்தது. 1968இல் அவர்கள் மாற்று வழி கேட்டார்கள். டிக் மார்லியின் குழு உருவாக்கிய பெட்டிக்கு மோடிகான் 084 என்று பெயர். அவர்களது 84ஆவது திட்டம் என்பதால் அந்த எண். ஒயரைத் தொட வேண்டாம், உள்ளே இருக்கும் புரோகிராமை மாற்றினால் போதும். இன்று பி.எல்.சி. என்கிறோமே, அதன் தொடக்கம் அதுதான்.

புரோகிராமை உள்ளே அனுப்ப ஒரு வாசல் வேண்டுமல்லவா? முதலில் அதற்கென்றே தனிக் கருவிகள் இருந்தன. பிறகு சாதாரணக் கம்ப்யூட்டரின் சீரியல் போர்ட் அந்த வேலைக்கு வந்தது. ஆர்.எஸ்.232 என்ற அந்த முறை 1960இலேயே வகுக்கப்பட்டது. 1990களில் பி.எல்.சி.க்களை ஒரே கேபிளில் வரிசையாகக் கோத்து வலையமைப்பு ஆக்கினார்கள். சீமென்ஸ் எஸ்7 வகையின் எம்.பி.ஐ. இணைப்பு நொடிக்கு 1,87,500 பிட் வேகத்தில் பேசும். அன்றைய கம்ப்யூட்டர்களின் சீரியல் போர்ட் வழக்கமாக 1,15,200க்கு மேல் போகாது. அதனால் தனிச் சில்லு வைத்த தகவல்தொடர்பு கார்டுகள் வந்தன.

மேசைக் கம்ப்யூட்டரில் கார்டை உள்ளே செருகிவிடலாம். லேப்டாப்பில்? அதற்குத்தான் பி.சி.எம்.சி.ஐ.ஏ. கார்டு. 1990இல் அதன் முதல் விதிமுறை வெளியானது. நீள அகலத்தில் நம் ஏ.டி.எம். கார்டு அளவுதான், தடிமன் மட்டும் அதிகம். 68 பின்கள். சீமென்ஸ் சி.பி.5511 இந்த இனம். ஆலன் பிராட்லிக்கு 1784 பி.சி.எம்.கே. லேப்டாப்பின் பக்கவாட்டில் செருகி, கேபிளை மாட்டி, இயந்திரத்தருகே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தால் வேலை முடிந்தது.

இங்கேதான் சிக்கல் ஆரம்பம். முதலில் வந்தது 16 பிட் கார்டு. 1995இல் கார்ட்பஸ் என்று 32 பிட் வந்தது. பார்க்க ஒரே மாதிரி, ஆனால் பழைய வாசலில் புதுக் கார்டு நுழையாது. 2003இல் எக்ஸ்பிரஸ்கார்டு. அதில் வடிவமே வேறு. பிறகு அதுவும் போய் யு.எஸ்.பி. மட்டும் மிஞ்சியது. இன்னொரு பக்கம், 32 பிட்டுக்கு எழுதிய டிரைவரை 64 பிட் விண்டோஸ் ஏற்காது. புது லேப்டாப்புக்குள் விர்ச்சுவல் மெஷின் வைத்து, அதில் பழைய விண்டோஸ் எக்ஸ்.பி.யை ஓட்டலாம். ஆனால் கார்டு செருக வாசலே இல்லையே! எக்ஸ்பிரஸ்கார்டு வாசல் உள்ள லேப்டாப்பில் மாற்றி போட்டு 32 பிட் கார்டை இயக்கியவர்கள் உண்டு. 16 பிட் கார்டுக்கு அந்த வழியும் பெரும்பாலும் கைகொடுக்காது.

இதில் யாரையும் குறை சொல்வதற்கில்லை. லேப்டாப்பின் ஆயுள் ஐந்தாறு வருடம். பி.எல்.சி. இருபது முப்பது வருடம் ஓடும்.

என் மாணவனின் ஆலையில், பாகிலிருந்து சர்க்கரையைப் பிரிக்கும் சென்ட்ரிஃபியூகல் இயந்திரத்தை அப்படியொரு பழைய பி.எல்.சி. இயக்குகிறது. அதன் புரோகிராம் ஒரு சிறு லித்தியம் பேட்டரியின் தயவில் நினைவில் நிற்கிறது. அரவை முடிந்து மின்சாரத்தை நிறுத்திய நேரத்தில் அந்தப் பேட்டரி தீர்ந்தால் எல்லாம் அழிந்துவிடும். அடுத்த பருவம் கரும்பு வண்டிகள் வாசலில் நிற்கும். இயந்திரத்துக்குத் தன் வேலை மறந்திருக்கும்.

அவன் தீர்வு கண்டுபிடித்துதான் வந்திருந்தான். கார்டை விட்டுவிட்டு யு.எஸ்.பி. அடாப்டர் வாங்க வைத்தான். அதை விர்ச்சுவல் மெஷினுக்குள் இருக்கும் எக்ஸ்.பி.க்குக் கொடுத்துவிட முடிகிறது. பி.எல்.சி.யோடு தொடர்பு கிடைத்தது, புரோகிராமைப் புது லேப்டாப்பில் இறக்கியும் விட்டான்.

"அப்புறம் என்னடா கவலை?" என்று கேட்டேன்.

திரையைத் திருப்பிக் காட்டினான். வெறும் எண்களும் குறியீடுகளும். "இது மிஷின்லேர்ந்து எடுத்தது, டீச்சர். டைமர் எத்தனை விநாடின்னு இருக்கும், ஏன்னு இருக்காது. பேரும் குறிப்பும் பி.எல்.சி.க்குள்ள போகாது. எழுதினவரோட லேப்டாப்லதான் இருக்கும்."

எழுதியவர் பணி ஓய்வு பெற்று, காலமாகியும் விட்டார். அந்த லேப்டாப்தான் நூல் கட்டிய லேப்டாப்.

கணக்குத் தாளில் வெறும் விடையை எழுதி வைத்தால் நான் முழு மதிப்பெண் போட்டதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். இந்த இயந்திரம் இத்தனை வருடமாக வழிமுறை இல்லாத விடையைத்தான் வைத்துக்கொண்டு ஓடியிருக்கிறது.

அன்று என் வீட்டு மேசையிலேயே பழைய லேப்டாப்பின் ஹார்டு டிஸ்கைக் கழற்றி, யு.எஸ்.பி. மாற்றியில் மாட்டினான். டிஸ்க் சுற்றும் சத்தம் கேட்கும்வரை இருவரும் பேசவில்லை. கோப்புகள் வந்தன. ஒரு டைமருக்குப் பக்கத்தில் ஆங்கிலத்தில் ஒரு குறிப்பு. இந்த நேரத்தைக் குறைக்க வேண்டாம், கூடையின் வேகம் அடங்கும் முன் சுரண்டி உள்ளே இறங்கிவிடும் என்று அதற்குப் பொருள். உற்பத்தியைக் கூட்ட அதே நேரத்தைக் குறைக்கலாமா என்று போன வருடம்தான் ஆலையில் பேச்சு வந்ததாம். அவன் முகம் வெளுத்துவிட்டது. சுழலும் இரும்பில் இரும்பு இறங்கினால் பக்கத்தில் நிற்பவன் கதி என்ன?

எனவே பிள்ளைகளே, உங்கள் ஆலையிலும் இப்படி ஒரு பழைய லேப்டாப் அலமாரியில் இருந்தால், அது இயங்கும்போதே குறிப்புகளோடு நகல் எடுத்து இரண்டு மூன்று இடத்தில் வையுங்கள். பி.எல்.சி. பேட்டரியை மின்சாரம் இருக்கும்போதே மாற்றுங்கள். எக்ஸ்.பி.க்கான பாதுகாப்பு 2014 ஏப்ரலோடு முடிந்தது. அதை இணையத்தோடு இணைக்காதீர்கள்.

அந்தக் குறிப்பை எழுதியவரை நான் பார்த்ததில்லை. வழிமுறையோடு எழுதும் பழக்கத்தை அவருக்கு யாரோ ஓர் ஆசிரியர் கற்றுக்கொடுத்திருப்பார். நீங்களும் எழுதி வையுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்