இரவு ஷிப்டும் பதிமூன்று சீட்டும்

ஒரகடத்தில் இரவு பன்னிரண்டு மணி சிலருக்குச் சாயங்காலம். இரண்டாம் ஷிப்ட் முடித்து கம்பெனி பஸ்ஸில் ஏறுகிறவர்களுக்கு அப்போதுதான் சொந்தப் பொழுது ஆரம்பம். டிப்ளமோ முடித்து அங்கே வேலைக்குப் போன நண்பன் ஒருவன் சுங்குவார்சத்திரத்தில் ரூம் எடுத்திருந்தான். சில வருஷம் முன்னால் ஓர் இரவு அங்கே தங்கினேன். ஒரு மணிக்கு வந்தான், சாப்பிட்டான், போனை எடுத்தான். "அம்பது ரூபா டேபிள்தான்டா. ஒரு கேம் போட்டுட்டுப் படுத்துடுறேன்." ஐந்தரைக்கு நான் எழுந்தபோதும் அவன் படுத்திருக்கவில்லை.

அந்த டேபிளின் கதை செகந்திராபாத்தில் ஒரு கிளப்பில் தொடங்குகிறது. காசு வைத்து ரம்மி ஆடினார்கள் என்று போலீஸ் பிடித்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1967-இல் வந்த தீர்ப்பு, ரம்மி மூணு சீட்டு போல முழுக்க அதிர்ஷ்டம் அல்ல என்றது. விழுந்த சீட்டுகளை நினைவில் வைக்கணும், எதைப் பிடிப்பது எதைக் கழிப்பது என்று யோசிக்கணும். ஆகவே அது பெரும்பாலும் திறமை. அதே தீர்ப்பு இன்னொன்றும் சொன்னது: ஆட்டத்திலிருந்து கிளப் நடத்துகிறவர் லாபம் எடுத்தால் அது குற்றமாகலாம். முதல் பாதி பிரபலமானது. இரண்டாம் பாதியை யாரும் விளம்பரத்தில் போடவில்லை.

தமிழ்நாட்டுக்கு இந்த ஆசை புதிதல்ல. 1968-இல் அரசே லாட்டரி நடத்தியது; 2003-இல் லாட்டரி விற்பனைக்கே தடை வந்தது. லாட்டரிக்குக் கடைக்காவது போகணும். 2016-க்குப் பிறகு மலிவான டேட்டாவும் யுபிஐ-யும் அந்த நடையையும் மிச்சப்படுத்தின.

பிறகு நடந்தது நீண்ட இழுபறி. 2020 நவம்பரில் தடைச் சட்டம். 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2022-இல் நீதிபதி சந்துரு குழு அறிக்கை, 2023 ஏப்ரலில் மறுபடி சட்டம். அதே நவம்பரில் நீதிமன்றம், சட்டம் செல்லும், ஆனால் ரம்மிக்கும் போக்கருக்கும் தடை செல்லாது என்றது. காரணம், பழைய அதே சொல்: திறமை.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். சமமான திறமை உள்ள ஆறு பேர், ஆளுக்கு ஐம்பது, மொத்தம் 300. கம்பெனி கமிஷன் பத்து சதவீதம் என்று வையுங்கள். ஜெயித்தவருக்கு 270. சராசரியாக ஒவ்வொருவரும் ஆட்டத்துக்கு ஐந்து ரூபாய் இழக்கிறார்கள். இருபது ஆட்டம் போனால் நூறு. ஆறு பேரும் கெட்டிக்காரர்கள். ஒவ்வொரு ஆட்டத்திலும் நிச்சயமாக ஜெயிப்பது டேபிள் மட்டும். அந்த இரண்டாம் பாதி பேசியது இதைத்தான்.

2025 பிப்ரவரியில் தமிழ்நாடு விதி ஒன்று போட்டது: நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை காசு ஆட்டம் கூடாது. நீதிமன்றமும் அதை ஏற்றது. முதல்முறையாகக் கேள்வி சீட்டை விட்டு ஆடுகிறவனின் தூக்கத்துக்கு வந்தது. ஆனால் ஷிப்ட் மாறும் ஊரில் எல்லா வாரமும் இரவு ஒரே நேரத்தில் வருவதில்லை. அந்த ஆகஸ்டில் மத்திய அரசின் சட்டம், திறமையோ அதிர்ஷ்டமோ, காசு கட்டும் ஆன்லைன் ஆட்டமே கூடாது என்றது. பெரிய ஆப்கள் சில நாட்களிலேயே காசு டேபிள்களை மூடின.

நண்பனிடம் கேட்டேன், "நீ நல்லா ஆடுவியா?" கோபப்படவில்லை. "நல்லாத்தான்டா ஆடுவேன். மூணு மணிக்கு மேலதான் எந்தச் சீட்டு போச்சுன்னு ஞாபகம் வராது." எட்டு மணி நேரம் லைனில் நின்றுவிட்டு வந்தவன் அவன். கடனை அடைக்க ஒரு வருஷம் ஓவர்டைம் பார்த்தான்.