சாம்பல் மேட்டின் குத்தகைதாரர்

இருபத்தெட்டு வருஷம் கல்லூரியில் 'தி கிரேட் கேட்ஸ்பி' நடத்தினேன். சாம்பல் பள்ளத்தாக்கு வந்ததும் கரும்பலகையில் 'குறியீடு' என்று எழுதி, வறட்சி, பேராசை, செத்த கனவு என்று கைடு பாணியில் அடுக்குவேன். பள்ளத்தாக்கின் மேலே, கண் வைத்தியர் விளம்பரப் பலகையில் டாக்டர் எக்கல்பர்க்கின் கண்கள். 'கடவுளின் பார்வை' என்று எழுதினால் முழு மார்க். அந்தச் சாம்பலை யார் வீட்டு அடுப்பிலிருந்து அள்ளினார்கள் என்று ஒரு மாணவனும் கேட்டதில்லை. நானும் யோசித்ததில்லை.

நியூயார்க்கின் புரூக்ளின் வீடுகளின் அடுப்பிலிருந்துதான். குளிர்காலம் முழுக்க நிலக்கரி எரித்த ஊர் அது. 'புரூக்ளின் ஆஷ் ரிமூவல் கம்பெனி' சாம்பலை ரயிலில் ஏற்றி, குயின்ஸில் ஃப்ளஷிங் ஓடையோரச் சதுப்பில் கொட்டியது. முதலாளி ஜான் மெக்கார்த்தி. ஊர் வைத்த பட்டப்பெயர் 'தூண்டில்முள்'. நகரத்து அரசியல்வாதிகளுக்கு வேண்டப்பட்டவர், குத்தகை எப்படிக் கிடைத்தது என்று விளக்க வேண்டியதில்லை. ஒரு குவியல் 90, 100 அடி உயர்ந்துவிட, கேலியாக அதற்கு 'கொரோனா மலை' என்று பெயர். பக்கத்துக் குடியிருப்பின் பெயர் அது, நோயின் பெயரல்ல.

நாவலை எழுதிய ஃபிட்ஸ்ஜெரால்டு 1922 முதல் 1924 வரை கிரேட் நெக்கில் குடியிருந்தார். மன்ஹாட்டன் போகும் வழியில் இந்த மேடுகளைத் தாண்டியாக வேண்டும். நாவல் 1925இல் வந்தது. அதில் மண்வெட்டியோடு தூசிக்குள் மங்கலாகத் தெரியும் ஆட்களை ஆவிகள் என்றே பாடம் சொல்லியிருக்கிறேன். தூண்டில்முள்ளிடம் கூலி வாங்கியவர்களாகவும் இருக்கலாமே!

1930களில் நகரப் பூங்கா ஆணையர் ராபர்ட் மோசஸ் மேடுகளைச் சமப்படுத்தினார். 1939இல் அங்கேயே உலகக் கண்காட்சி. தலைப்பு 'நாளைய உலகம்'. இன்று பூங்கா, டென்னிஸ் அரங்கம்.

2011இல் மகள் வீட்டுக்குப் போனபோது, பூங்காவை ஒட்டிய வில்லெட்ஸ் பாயிண்டுக்குக் காரில் கூட்டிப்போகச் சொன்னேன். தகரக் கொட்டகைகளில் வரிசையாக மெக்கானிக் கடைகள். சாக்கடைக் குழாய்கூடப் போடாத தெருவில் குழிக்குக் குழி தண்ணீர். நாவலில் சாம்பல் பள்ளத்தாக்கோரம் வரும் ஜார்ஜ் வில்சனின் கார் பட்டறை இப்படித்தான் இருந்திருக்கும் என்று எட்டிப் பார்த்தேன். ஒருவர் ஓடிவந்து, டயரா, கண்ணாடியா என்று ஜன்னலைத் தட்டினார்.

"அப்பா, போதும்ப்பா" என்று மகள் வண்டியைத் திருப்பினாள். ஃப்ளஷிங் பிள்ளையார் கோயில் கேன்டீனில் தோசைக்குக் கூட்டம் சேர்ந்துவிடுமாம்.