நீர்மட்டப் பட்டியல் (தாமிரபரணி அணைகள்)

தாமிரபரணிப் படுகை அணைகளின் நீர்மட்டம், நீர்வரத்து, வெளியேற்றம், மலைப்பகுதி மழையளவு ஆகியவற்றை நாள்தோறும் ஒரே பார்வையில் தெரிவிக்கும் அறிக்கை. பாசன விவசாயிகள், மின்வாரியம், குடிநீர் வழங்கும் உள்ளாட்சிகள், ஆற்றங்கரை ஊரார் என ஒரே நீரில் பங்குள்ள பல தரப்பினரும் பார்க்கும் தகவல் பலகை இது. இன்று ‘டேஷ்போர்டு’ என்று கணினித் திரையில் காட்டப்படுவதன் உள்ளூர் முன்னோடி என்று இதைக் கொள்ளலாம். விக்கிரமசிங்கபுரத்துக்கு மேற்கே மலையிலுள்ள, காரையாறு அணை என்றே பலரும் சொல்லும் பாபநாசம் அணைதான் வழக்கமாகப் பட்டியலின் முதல் வரி.

முன்னோடிகள்

ஆற்று நீரின் உயரத்தைப் பொதுவில் அறிவிப்பது பழைய வழக்கம். கெய்ரோவின் ரோடா தீவில் 861 இல் கட்டப்பட்ட நைல்மானியின் தூணில் நீர் எத்தனை முழம் ஏறியது என்பதைப் பார்த்தே அவ்வாண்டின் விளைச்சலும் வரியும் கணிக்கப்பட்டன. தாமிரபரணியிலும் இப்படி ஓர் அடையாளம் உண்டு. திருநெல்வேலியில் ஆற்றுக்குள் நிற்கும் குறுக்குத்துறை முருகன் கோயிலைத் தண்ணீர் எதுவரை மூடியது என்பதே ஊராரின் அளவுகோல். உற்சவரைக் கரையிலுள்ள மேலக்கோயிலுக்குக் கொண்டு போய்விட்டார்கள் என்ற சேதி வந்தால் வெள்ளம் எவ்வளவு என்று வேறு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

ஆற்றின் குறுக்கே கோடைமேலழகியானில் தொடங்கி மருதூர் வரையிலான ஏழு அணைக்கட்டுகள் பாண்டியர், நாயக்கர் காலத்தவை எனப்படுகின்றன. எது யார் கட்டியது என்பதில் மரபுச் செய்திகளும் ஆவணங்களும் எப்போதும் ஒத்துப்போவதில்லை. எட்டாவதான ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு ஆங்கிலேயர் காலத்தது. ஸ்டூவர்ட்டின் திருநெல்வேலி மாவட்டக் கையேடும் (1879), பேட்டின் கெசட்டியரும் (1917) இப்பாசன முறையை விரிவாகப் பேசுகின்றன. ஹார்வி சகோதரர்கள் ஆற்றின் விசையை நம்பி விக்கிரமசிங்கபுரத்தில் நூற்பாலை தொடங்கியபோது (1883 என்றும் 1885 என்றும் சொல்வர்) வயலோடு ஆலையும் நீரில் பங்குக்கு வந்தது.

அணைகளும் பட்டியலும்

1944 இல் பாபநாசம் நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. அதற்கெனக் கட்டிய அணையின் முழு நீர்மட்டமான 143 அடி அன்றிலிருந்து பள்ளத்தாக்கு முழுவதும் மனப்பாடமான எண். 1950களின் இறுதியில் 118 அடி மணிமுத்தாறும், 1986 இல் 156 அடி சேர்வலாறும் சேர்ந்துகொண்டன. கடனா, ராமநதி, கருப்பாநதி, குண்டாறு, அடவிநயினார், வடக்குப் பச்சையாறு, நம்பியாறு, கொடுமுடியாறு ஆகியவையும் வரிசையில் இடம்பிடித்தன. இவற்றுள் சில தாமிரபரணியோடு சேராதவை. ஒரே மாவட்டத்தில் இருந்ததால் ஒரே பட்டியலில் வந்தவை. 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானதும் பட்டியலும் இரண்டானது.

பட்டியலின் மூலம் மிக எளியது. அணையிலோ அணைக்கட்டிலோ நட்டிருக்கும் அளவுப் பலகையில் தண்ணீர் தொடும் கோட்டைக் காலையில் பார்த்துக் குறிப்பேட்டில் எழுதுகிறார்கள். அந்த எண் அலுவலகம் வழியாக ஆட்சியர் அலுவலகத்துக்கும் நாளிதழ்களுக்கும் போய், மறுநாள் நெல்லைப் பதிப்பின் ஒரு மூலையில் அச்சாகிறது. 1956 இல் மெட்ரிக் முறைக்குச் சட்டம் வந்தும், நீர்மட்டம் அடியிலும் நீர்வரத்து விநாடிக்கு இத்தனை கனஅடி என்றும்தான் இன்றும் தரப்படுகிறது. மழைக்கு மட்டும் மில்லிமீட்டர். மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து ஆகிய மலைத்தோட்டப் பெயர்கள் வெளியூராருக்கும் தெரிந்தது இந்த மழை வரிசையால்தான் எனலாம்.

அடிக்கணக்கு படிப்பவரை ஏமாற்றவும் செய்யும். பட்டியலில் உயரமான சேர்வலாறு 156 அடி நிரம்பினாலும் கொள்வது சுமார் 1,225 மில்லியன் கனஅடிதான். 118 அடி மணிமுத்தாறு 5,511 மில்லியன் கனஅடியும், 143 அடி பாபநாசம் 5,500 மில்லியன் கனஅடியும் கொள்ளும். மலையிடுக்கு அடியில் குறுகி மேலே விரிவதால், அணை வற்றிக் கிடக்கும்போது ஒரு நல்ல மழைக்கே ‘ஒரே நாளில் 10 அடி உயர்வு’ என்று தலைப்பு வரும். அணை நிரம்பும் தறுவாயில் அதே மழைக்கு ஓரடி ஏறினால் பெரிது. பாபநாசமும் சேர்வலாறும் சுரங்கத்தால் இணைந்தவை. ஆகவே இரண்டின் மட்டமும் சேர்ந்தே ஏறி இறங்குவதும், சேர்வலாற்றின் எண் வழக்கமாகக் கூடித் தெரிவதும் பட்டியலை அன்றாடம் படிப்பவர் அறிந்த செய்தி. படிந்த வண்டலால் உண்மைக் கொள்ளளவு எவ்வளவு குறைந்திருக்கும் என்பதில் விவசாயச் சங்கங்களும் அதிகாரிகளும் ஒருமித்த கருத்துடையவர்கள் அல்லர். பட்டியலோ பழைய முழு அளவையே காட்டி வருகிறது.

இந்த எண்களின் எடை கார் நெல் பருவத்துக்கு ஜூன் மாதத்திலும், பிசான நெல் பருவத்துக்கு ஐப்பசி வாக்கிலும் கூடும். 86,107 ஏக்கர் ஆயக்கட்டுக்குத் தண்ணீர் திறக்கலாமா, திறந்தால் எத்தனை நாளுக்கு, கடைமடை வரை எட்டுமா என்பதெல்லாம் இருப்பைப் பொறுத்தவை. மாதந்தோறும் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் இயல்பான மழை, பெய்த மழை, இன்றைய நீர் இருப்பு, சென்ற ஆண்டு இதே நாளின் இருப்பு ஆகியவை உர இருப்போடு சேர்த்து வாசிக்கப்படும். அணையில் இருப்பது குறைவா நிறைவா என்பதைத் தனி எண் சொல்லாது. சென்ற ஆண்டு எண் பக்கத்தில் இருந்தால்தான் கூட்டத்தில் கேள்வி எழும். வண்ண வண்ணமாக வரும் பல திரைகளில் இந்த ஒப்பீட்டு வரிசை இல்லாமற்போவது குறையே.

அண்மைக்காலம்

2021 டிசம்பர் 23 அன்று சென்னைத் தலைமைச் செயலகத்தில் முதலமைச்சரின் தகவல் பலகை தொடங்கப்பட்டது. நீர்த்தேக்கங்களின் இருப்பும் மழையளவும் அரசுத் திட்டங்களின் நிலவரத்தோடு அதில் இடம்பெற்றன. திட்ட நிலவரமும் எண்ணாகவே பேசப்படுவதற்கு ஓர் உள்ளூர் எடுத்துக்காட்டு உண்டு. கன்னடியன் அணைக்கட்டிலிருந்து வெள்ளநீரை வறண்ட செம்மணல் தேரிப்பகுதிக்குக் கொண்டு செல்லும் தாமிரபரணி–கருமேனியாறு–நம்பியாறு இணைப்புத் திட்டம் 2009 இல் நான்கு கட்டங்களாகத் தொடங்கி, 2025 பிப்ரவரியில் திறந்துவைக்கப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் அதன் முன்னேற்றம் பெரும்பாலும் எந்தக் கட்டம் எத்தனை சதவீதம் என்ற கணக்கிலேயே பேசப்பட்டது.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளின் பெருமழையில் தூத்துக்குடி மாவட்டக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் பதிவானது. முன்னெச்சரிக்கை போதிய அளவில் வந்ததா என்பதில் மாநில அரசும் மத்திய அரசும் மாறுபட்டன. அணைத் திறப்பே சேதத்தைப் பெருக்கியது என்போரும், அணைகளுக்குக் கீழே சமவெளியில் பெய்த மழைதான் காரணம் என்போரும் உளர். அந்தச் சமவெளி மழை எந்த அணையின் நீர்வரத்திலும் சேராது.