மகமையும் ஆண்டுக்கொடையும்: திருப்பூர்ப் பின்னலாடை வட்டாரத்தை முன்வைத்துச் சேவைச் சங்கங்களின் கொடைமரபு குறித்த வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

ரோட்டரி, அரிமா முதலிய சேவைச் சங்கங்கள் தம் உறுப்பினர் ஒவ்வொருவரும் ஆண்டுதோறும் மனிதநேயப் பணிகளுக்கும் கல்விப் பணிகளுக்கும் ஒரு தொகையை வழங்க வேண்டும் என வலியுறுத்தி வருகின்றன. இவ்வழக்கம் மேலைநாட்டிலிருந்து வந்த புதுமையாகவே பொதுவாகக் கருதப்படுகிறது. தமிழ் வணிகரிடையே நெடுங்காலம் வழங்கிய மகமை முறையோடு அதனை ஒப்பிட்டு, இரண்டும் கூடும் இடத்தையும் வேறுபடும் இடத்தையும் திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலின் பின்னணியில் இக்கட்டுரை ஆராய்கிறது. ஏற்றத்தாழ்வு மிக்க ஒரு தொழில் நகரில் ஆண்டுக்கொடை நிலைபெற, அது தலைக்கு இவ்வளவு என்னும் கணக்கிலிருந்து வரவுக்கு இவ்வளவு என்னும் மகமைக் கணக்கை நோக்கி நகர வேண்டும் என்பது இதன் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: மகமை, ஒப்புரவு, ஆண்டுக்கொடை, ரோட்டரி அறக்கட்டளை, திருப்பூர், பின்னலாடை, நமக்கு நாமே திட்டம்.

முன்னுரை

திருக்குறள் ஒப்புரவறிதலை 22ஆம் அதிகாரத்திலும் ஈகையை 23ஆம் அதிகாரத்திலும் வைக்கிறது. அடுத்தடுத்து நின்றாலும் இரண்டும் ஒன்றல்ல. ஈகை, இல்லை என்று வந்தவனுக்குக் கொடுப்பது. ஒப்புரவு, கேட்பவன் எதிரே நில்லாதபோதும் ஊரின் பொதுத்தேவையை அறிந்து இயல்பாகச் செய்வது. முன்னது நிகழ்ச்சி, பின்னது ஒழுக்கம். ஆண்டுதோறும் கொடுத்தல் என்னும் கருத்தை ஆராய்வதற்கு இப்பாகுபாடு பெரிதும் துணைசெய்கிறது. பேரிடர்க் காலத்தில் நிதி திரட்டுவது எளிது. எந்த இடரும் கண்முன் தோன்றாத ஓர் ஆண்டிலும் கொடுக்கச் செய்வதே அரிது.

மகமை என்னும் முன்மரபு

வணிகர் தம் வரவிலிருந்தோ, விற்கும் சரக்கின் மூட்டைக்கு இவ்வளவு என்றோ சிறு தொகையைப் பொதுக்காரியத்துக்கு ஒதுக்குவது மகமை. நாட்டுக்கோட்டை நகரத்தாரிடமும் தென்மாவட்ட நாடார்களிடமும் இது வலுவாக இயங்கியது. நாடார்களின் உறவின்முறை அமைப்புகள் மகமை வசூலித்துக் கோயில், கிணறு, பள்ளி முதலியவற்றை நடத்திய வரலாற்றை இராபர்ட் ஹார்ட்கிரேவ் 1969இல் வெளியிட்ட ஆய்வு நூல் எடுத்துரைக்கிறது. காமராசர் பயின்ற விருதுநகர் சத்திரிய வித்தியாசாலை, வீடுதோறும் பெற்ற பிடியரிசியாலும் வளர்ந்த பள்ளியாகும்.

மகமையின் இயல்புகள் மூன்று. முதலாவது, அது இலாபத்தைப் பார்த்தபின் எடுக்கும் முடிவன்று. பரிமாற்றத்தோடு சேர்ந்தே பிரியும் பங்கு. இரண்டாவது, வணிகம் பெருகினால் பெருகி, சுருங்கினால் சுருங்கும், ஆனால் நின்றுபோவதில்லை. மூன்றாவது, கொடுத்தவர் பெயர் அதில் தனித்துத் தெரியாது. அதன் குறையும் வெளிப்படையானது. திரட்டிய சமூகத்தின் எல்லைக்குள்ளேயே அதன் பயன் பெரும்பாலும் தங்கியது. கொடாதவர்மீது சமூகத்தின் கட்டாயமும் இருந்தது.

சேவைச் சங்கங்களின் ஆண்டுக்கொடை

1905இல் சிகாகோவில் பால் ஹாரிஸ் தொடங்கிய ரோட்டரி இயக்கம் 1920இல் கல்கத்தாவிலும் 1929இல் சென்னையிலும் சங்கங்களைப் பெற்றது. உலகில் நன்மை செய்வதற்கென ஒரு நிலைநிதி வேண்டும் என்று 1917ஆம் ஆண்டு அட்லாண்டா மாநாட்டில் அதன் தலைவர் ஆர்ச் கிளம்ப் முன்மொழிந்தார். அந்நிதிக்கு முதலில் வந்த கொடை, கான்சஸ் நகரச் சங்கம் அளித்த 26.50 டாலர் மட்டுமே. 1928இல் அது ரோட்டரி அறக்கட்டளை எனப் பெயர் பெற்றது. 1947இல் பால் ஹாரிஸ் மறைந்தபோது அவர் நினைவாகக் குவிந்த கொடைகளே அதற்கு வலுவூட்டின. 18 மாணவர்க்கான முதல் உயர்கல்வி உதவித்தொகையும் அவ்வாண்டிலேயே தொடங்கியது. 1957இல் 1,000 டாலர் அளித்தவரைப் பால் ஹாரிஸ் ஃபெல்லோ எனச் சிறப்பிக்கும் முறை வந்தது. அரிமா சங்கங்களும் 1968இல் தமக்கெனப் பன்னாட்டு அறக்கட்டளையை நிறுவின.

இவ்வரலாற்றில் ஒரு திருப்பம் கவனிக்கத்தக்கது. ஒருவரின் மறைவை ஒட்டித் திரண்ட கொடை, பின்னர் ஒவ்வோர் உறுப்பினரும் ஒவ்வோர் ஆண்டும் தரவேண்டிய கொடையாக மாற்றப்பட்டது. இவ்வாண்டுநிதி கையாளப்படும் முறையும் தனித்தன்மை உடையது. ஓராண்டில் திரளும் தொகை மூன்றாண்டுகள் முதலீட்டில் வைக்கப்படுகிறது. பிறகு ஏறத்தாழப் பாதி உலகப் பொதுநிதிக்கும் மறுபாதி கொடுத்த மாவட்டத்தின் பயன்பாட்டுக்கும் பிரிகிறது. எனவே இன்று கொடுப்பவர் அதன் பயனைக் காண மூன்றாண்டு காத்திருக்க வேண்டும். அதிலொரு பங்கு அவர் காணாத ஊருக்குச் செல்லும். மகமையின் எல்லை இங்கே உடைகிறது. போலியோ ஒழிப்புக்கான நிதி தனிக்கணக்கு எனினும், இடைவிடாத கொடையின் ஆற்றலை அது காட்டியது. 1985இல் தொடங்கிய அம்முயற்சியில் அரசுகளும் உலகச் சுகாதார நிறுவனம் முதலியனவும் பங்கேற்றன. இந்தியாவின் கடைசிப் போலியோ நோயாளி 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தில் கண்டறியப்பட்டார்; 2014 மார்ச்சில் நாடு போலியோ அற்றதாகச் சான்றளிக்கப்பட்டது. கால் நூற்றாண்டுக்கு மேல் ஒரே நோக்கத்துக்குக் கொடுத்துவந்ததும் இவ்வெற்றியின் காரணங்களுள் ஒன்று.

திருப்பூர்: வரவின் ஏற்றமும் இறக்கமும்

திருப்பூரில் பனியன் தொழில் 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் வேரூன்றியது. 1970களின் இறுதியில் ஏற்றுமதி தொடங்கியது. 1990இல் திருப்பூர் ஏற்றுமதியாளர் சங்கம் தோன்றியது. உழவுக் குடும்பங்களிலிருந்து வந்து தொழிலாளராக இருந்தோர் முதலாளிகளாக உயர்ந்த வரலாற்றை ஷரத் சாரி 2004இல் வெளியிட்ட ஆய்வு நூல் விரித்துரைக்கிறது. நிட்டிங், சாயம், பிரிண்டிங், எம்பிராய்டரி, பவர் டேபிள் எனத் தொழில் பல சிறு கூடங்களாகப் பிரிந்து இயங்குகிறது. ஆதலின் இங்குள்ள சேவைச் சங்க உறுப்பினருள் பெரிய ஏற்றுமதியாளரும் சிறிய ஜாப் ஒர்க் கூடம் நடத்துவோரும் ஒரே மேசையில் அமர்கின்றனர்.

நிறுவனச் சட்டம் 2013இன் 135ஆம் பிரிவு, ஐந்நூறு கோடி ரூபாய் நிகர மதிப்போ ஆயிரம் கோடி ரூபாய் விற்றுமுதலோ ஐந்து கோடி ரூபாய் நிகர இலாபமோ உடைய நிறுவனங்கள் தம் சராசரி இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும் என்கிறது. தனிஉரிமை நிறுவனங்களும் கூட்டாண்மை நிறுவனங்களும் இச்சட்டத்துக்குள் வாரா. சிறு, குறு நிறுவனங்கள் மிகுந்த திருப்பூரில் ஊர்ப் பொதுநலனுக்கு ஒழுங்காகக் கொடுக்க வைக்கும் சட்டக் கடப்பாடு பலர்க்கு இல்லை. அவ்விடத்தை நிரப்பும் வாய்ப்பு மகமை போன்றதொரு தன்விருப்ப ஒழுங்குக்கே உண்டு.

ஆனால் வரவு நிலையானதன்று. 2011 ஜனவரியில் உயர்நீதிமன்ற ஆணையால் சாய ஆலைகள் மூடப்பட்டன, 2016இல் பணமதிப்பிழப்பு, 2020இல் பெருந்தொற்று, 2022இல் நூல் விலையேற்றம், 2025இல் அமெரிக்காவின் 50 விழுக்காட்டுச் சுங்கவரி. இத்தகைய ஊரில் தலைக்கு இவ்வளவு என்னும் நிலைத்த தொகை இருவகையில் பிழைபடுகிறது. நெருக்கடியான ஆண்டில் சிறு கூடம் நடத்துபவர் அத்தொகையை இயலாது என விட்டுவிடுகிறார். ஒருமுறை விட்ட பழக்கம் மீள்வது கடினம். நல்ல ஆண்டில் பெரிய ஏற்றுமதியாளர் அதே சிறு தொகையோடு தம் கடமை முடிந்ததென எண்ணுகிறார்.

கட்டடக் கொடையும் நடைமுறைச் செலவும்

இவ்வட்டாரத்தில் கொடையுணர்வுக்குக் குறைவில்லை. 1997-98இல் தமிழக அரசு அறிமுகப்படுத்திய நமக்கு நாமே திட்டம், மக்கள் ஒரு பங்கைத் தந்தால் அரசு எஞ்சியதைத் தரும் என்னும் அடிப்படையில் அமைந்தது. 2011க்குப்பின் தன்னிறைவுத் திட்டம் எனப் பெயர் மாறி, 2021இல் பழைய பெயரோடு மீண்டது. 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட திருப்பூர் அரசு மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனைக்குப் புற்றுநோய்ச் சிகிச்சை மையம் அமைக்க, இத்திட்டத்தின்கீழ் ரோட்டரி அமைப்பினர் முன்னின்று நிதி திரட்டினர். தனியொரு சங்கத்தால் இயலாததை அரசோடு இணைந்த கொடை இயலச்செய்கிறது என்பதற்கு இது சான்று.

எனினும் கட்டடம் ஒருமுறைச் செலவு; அதனுள் நடக்கும் பணி ஆண்டுச்செலவு. பள்ளி வகுப்பறை கட்டித் தருவோர் கிடைக்கின்றனர். பீகார், ஒடிசா, ஜார்க்கண்டு முதலிய மாநிலங்களிலிருந்து வந்த தொழிலாளரின் குழந்தைகளுக்குத் தமிழ் கற்பிக்கும் ஆசிரியரின் ஊதியத்தை ஆண்டுதோறும் தருவோர் அரியர். அவ்வூதியத்தில் பெயர்ப்பலகை பொறிக்க இடமில்லை. இதுவே ஆண்டுக்கொடையின் உண்மையான களம். சிறப்புப்பட்டங்களால் தூண்டப்படும் கொடை பட்டம் கிடைத்ததும் ஓய்ந்துவிடக்கூடும். மகமை அங்ஙனம் ஓயவில்லை, அதில் பெற வேண்டிய பட்டம் எதுவும் இல்லாமையால்.

கொடையின் எல்லை

இங்கு ஓர் எதிர்வாதத்தை எதிர்கொள்ள வேண்டும். நொய்யலில் சாயக்கழிவு கலந்ததால் பாசனத்துக்கெனக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையின் நீர் உழவர்க்குப் பயன்படாது போயிற்று. பீஸ் ரேட்டில் உழைப்போருக்கு ஆர்டர் இல்லாத வாரம் வருமானம் இல்லாத வாரம். இந்நிலையில் முதலாளிகளின் கொடை, தரவேண்டியதைத் தராமல் தர விரும்பியதைத் தருவதாகாதா? இவ்வினா நியாயமானது. சுத்திகரிப்புச் செலவும் உரிய கூலியும் கடன்; கொடை அவற்றுக்கு ஈடாகாது. கடனைத் தீர்த்தபின் எஞ்சுவதிலிருந்தே ஒப்புரவு தொடங்கும். ஆண்டுக்கொடையை வலியுறுத்தும் சங்கங்கள் இவ்வரிசையை வெளிப்படையாகச் சொல்லும்போதுதான் அவ்வழைப்பு ஊராரின் நம்பிக்கையைப் பெறும். மேலும், பயன்பெறுவோர் சங்கத்தின் உறுப்பினர் அல்லர். எது தேவை என முடிவுசெய்யும் இடத்தில் அவர்கள் குரலும் ஒலித்தாக வேண்டும். மகமைச் சமூகத்தில் பள்ளிக்குக் கொடுத்தவரின் பிள்ளையே அப்பள்ளியில் படித்தமையால் இச்சிக்கல் அன்று எழவில்லை.

முடிவுரை

மகமை ஒழுங்கைத் தந்தது, எல்லையைக் கடக்கவில்லை. சேவைச் சங்கங்களின் ஆண்டுக்கொடை எல்லையைக் கடந்தது. ஒழுங்கைப் பெயர்ச்சிறப்பால் தாங்க முயல்கிறது. இரண்டின் நலன்களையும் இணைத்தல் இயலும். தலைக்கணக்கை மிகச்சிறிய அடிப்படைத் தொகையாக நிறுத்தி, அதற்குமேல் ஏற்றுமதி செய்யும் பெட்டிக்கோ தைத்து முடிக்கும் உருப்படிக்கோ இவ்வளவு காசு என உறுப்பினர் தாமே வரையறுத்தால், நலிந்த ஆண்டில் கொடை சுருங்கும், அறுந்துபோகாது. அதிலொரு பங்கை ஆசிரியர் ஊதியம், மருந்து, பயணச்செலவு போன்ற ஆண்டுச்செலவுகளுக்கென வரையறுத்தல் அடுத்த படி. இத்தகைய கொடையை மேலைநாட்டு வழக்கம் என அறிமுகப்படுத்துவதைவிட, நம் கடைத்தெருக்கள் நெடுநாள் அறிந்த ஒப்புரவின் தொடர்ச்சி என உணர்த்துவது திருப்பூரின் தொழில்முனைவோரை விரைந்து சென்றடையும். மகமைக் கணக்கேடுகளையும் சேவைச் சங்கங்களின் ஆண்டறிக்கைகளையும் அருகருகே வைத்துப் படிக்கும் ஆய்வுகள் இத்துறையில் இனி மேற்கொள்ளத்தக்கவை.